நம் ஊருக்கும் ஓர் ஆறு உண்டு

சென்னை மெயிலில் மும்பைக்கு வந்து குடியேறிய அன்பர்கள் அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்தை மறந்திருக்க மாட்டார்கள். லோணாவளாவைக் கடந்து, மலைச்சரிவில் சுரங்கம் சுரங்கமாக நுழைந்து வெளிப்பட்டு, வண்டி கர்ஜத்தில் வந்து நிற்கும். "இனி வந்துவிட்டது" என்று யாரேனும் ஒருவர் கூறுவார். அவ்வளவுதான், பெட்டி முழுவதும் பரபரப்பு. படுக்கையைச் சுருட்டுவோர் ஒருபுறம். கூஜாவையும் கூடையையும் தேடுவோர் ஒருபுறம். உறங்கும் குழந்தையை எழுப்பித் தலை வாரிவிடும் தாய்மார் மற்றொருபுறம். அந்தச் சந்தடியில் சன்னலுக்கு வெளியே பார்ப்பவர் மிகச் சிலரே. பார்த்திருந்தால், நேரல், வாங்கணி, பதலாபூர் என்று ஊர் ஊராகக் கல்யாண் வரையில் ஓர் ஆறும் இருப்புப் பாதையை ஒட்டித் துணைவருவதைக் கண்டிருப்பார்கள். புதிய ஊருக்கு வந்த நம்மை முதன்முதலில் எதிர்கொண்டு அழைத்தது அந்த ஆறுதான். அதன் பெயர் உல்ஹாஸ். நம்மில் பலர் இந்நகரத்தில் தலைமுறைகள் வாழ்ந்தும் அதன் பெயரைக்கூட அறியாதிருக்கிறோம். இக்கட்டுரையை எழுதுபவனும் சென்ற ஆண்டு வரையில் அக்கூட்டத்தில் ஒருவனே.

அறியாமை நீங்கியதற்குக் காரணம் ஒரு சிறுமியின் பள்ளிக்கூடக் கட்டுரை.

தாராவியில் வாழும் பெரியவர் ஒருவர் நம் சங்கத்து நிகழ்ச்சிகளுக்குத் தவறாமல் வருபவர். தாமிரபரணிக் கரையில் பிறந்து, பதினாறு வயதில் பிழைப்பைத் தேடி இங்கு வந்தவர். ஒரு நாள் அவர் தம் பேத்தியின் நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "தம்பி, இதைப் படித்துப் பாருங்கள்" என்றார். 'எங்கள் ஊர் ஆறு' என்பது தலைப்பு. ஏழாம் வகுப்பு மாணவி அவள். "எங்கள் ஊரில் ஆறு இல்லை. மித்தி என்று ஒரு சாக்கடை இருக்கிறது. என் தாத்தாவின் ஊரில் ஆறு இருக்கிறதாம். நான் அதைப் பார்த்ததில்லை" என்று மூன்றே வரியில் முடித்திருந்தாள்.

"பொய் ஒன்றும் எழுதவில்லை, அண்ணாச்சி" என்றேன்.

"அதுதான் தம்பி எனக்கு வருத்தம். என் ஆறு இவளுக்குக் கதை. இந்த ஊர் ஆறு இவளுக்குச் சாக்கடை. பிறகு இவளுக்கென்று எதுதான் இருக்கிறது?" என்றார் அவர்.

அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. மித்தி என்னும் சொல்லுக்கு இனியது என்று பொருள். விஹார், பவாய் ஏரிகளின் மிகைநீரைச் சுமந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியை ஒட்டி மாஹிம் கழியில் கலக்கும் அச்சிற்றாற்றைச் சாக்கடையாக்கியவர் நகரத்தாராகிய நாமே. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, தான் இன்னும் ஆறுதான் என்பதை அது நமக்கு நினைவூட்டிச் சென்றது. ஆயினும் படகேறிச் செல்லவும், ஊர்களைக் கண்டு மகிழவும் ஏற்ற ஆறு வேறொன்று அருகிலேயே உண்டென்று டோம்பிவிலி அன்பர் ஒருவர் கூறினார். அவரே கோலி மீனவர் ஒருவரிடம் பேசி விசைப்படகு ஒன்றையும் அமர்த்தித் தந்தார். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பெரியவர், பேத்தி, டோம்பிவிலி அன்பர், என் மனைவி, நான் ஆகிய ஐவர், புளியோதரைப் பொட்டலங்களுடன் கல்யாண் துறையில் கூடினோம்.

கல்யாண் துறை

சஹ்யாத்ரி மலையில் ராஜ்மாச்சிப் பகுதியில் பிறந்து, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலப்பது உல்ஹாஸ். கல்யாண் வரையில் அது நன்னீராறு. அதன்பின் கடலின் ஓதம் ஏறி இறங்கும் உப்பங்கழி. மராத்தியர் இதனை 'காடி' என்பர். ஓதம் ஏறும்போது படகுகள் உள்நாட்டுக்கு வரும். இறங்கும்போது கடலை நோக்கிச் செல்லும். பாயும் துடுப்பும் மட்டுமே இருந்த காலத்தில் ஓதமே இலவச எந்திரமாக உழைத்தது. எங்கள் படகுக்காரரும் ஓதம் இறங்கத் தொடங்கிய பின்னரே கயிற்றை அவிழ்த்தார்.

கரைமேல் துர்காடிக் கோட்டை நிற்கிறது. சிவாஜி 1657-ல் கல்யாணைக் கைப்பற்றிய பின், மராத்தியரின் கப்பற்படைக்கு இக்கழியே தொட்டிலாயிற்று. அதற்கும் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இது பெருந்துறைமுகம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூல், முசிறியையும் நம் கிழக்குக் கரைத் துறைகளையும் குறிப்பிடுவதுபோலவே 'கல்லியேனா' என்று இவ்வூரையும் குறிப்பிடுகிறது. இவ்வூர் வணிகர்கள் அளித்த கொடைகளைப் போரிவிலி அருகிலுள்ள கான்ஹேரிக் குகைக் கல்வெட்டுகள் இன்றும் கூறுகின்றன. புகைவண்டிச் சந்திப்பு என்று மட்டுமே நாம் அறிந்த ஊரின் பழைய பெருமை இது.

படகுக்காரர் மேற்குத் திசையில் படகைத் திருப்புமுன், ஆற்றின் மேற்புறத்தைச் சுட்டிக்காட்டி, "அங்கேதான் காலு ஆறு வந்து சேர்கிறது, அதில் பாத்ஸா சேர்கிறது" என்றார். பாத்ஸா என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு ஒன்று புலப்பட்டது. மும்பை மாநகராட்சி ஏழு ஏரிகளிலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவருகிறது. அவற்றுள் பாத்ஸா அணை ஒன்றே ஏறத்தாழப் பாதி நீரை வழங்குகிறது. அணையில் தேங்கும் நீர் ஆற்றின் வழியே பிசே என்னுமிடத்துக்கு வந்து, அங்கிருந்து பாஞ்ராப்பூரில் தூய்மை செய்யப்பட்டு, பெருங்குழாய்களில் நகருக்கு வருகிறது. ஆகவே தாராவியின் பொதுக் குழாயடியிலும், மாதுங்காவின் மாடிவீடுகளிலும், செம்பூரின் குடியிருப்புகளிலும் நம் பெண்டிர் நிரப்பும் குடங்களில் உல்ஹாஸின் கிளையாற்று நீருக்கும் ஒரு பங்கு உண்டு.

இதனை நான் விளக்கியபோது பெரியவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், "இத்தனை ஆண்டாக இதன் தண்ணீரைக் குடித்துவிட்டு, பேர் தெரியாமல் இருந்துவிட்டேனே" என்றார்.

கரையோர ஊர்கள்

கல்யாணைவிட்டுப் புறப்பட்டதும் இடப்புறம் டோம்பிவிலி வந்தது. நம் தமிழ்க் குடும்பங்கள் பெருந்தொகையினராய் வாழும் அவ்வூரை நாம் அறிவது புகைவண்டி நிலையத்தின் வழியாகவே. ஆற்றிலிருந்து பார்க்கும்போது அது வேறோர் ஊராய்த் தோன்றியது. மாடிக் கட்டடங்கள் பின்னால் நின்றன. முன்னால் கண்டல் மரங்கள், சேற்றில் கால் ஊன்றி நின்ற கொக்குகள், வலை உலர்த்தியிருந்த மூங்கிற் கழிகள். வலப்புறம் பிவண்டி வட்டத்துச் சிற்றூர்கள். கோயில் கொடியும், ஓட்டு வீடுகளும், துறையில் துணி துவைக்கும் மாதரும் தோன்றி மறைந்தனர். பிச்சாவரத்து அலையாத்திக் காட்டைக் கண்டவர்கள் இக்கண்டல் மரங்களை உறவினர்போல் இனங்கண்டு கொள்வர்.

மும்பரா அருகில் 'ரேத்தி பந்தர்' என்ற பெயர் வந்தது. ரேத்தி என்றால் மணல்; பந்தர் என்றால் துறை. ஆற்றின் அடியிலிருந்து வாளி வாளியாக அள்ளிய மணல் இத்தகைய துறைகளில் குவிந்து, நகரத்துக்குச் சென்றது. நாம் குடியிருக்கும் கட்டடங்கள் பலவற்றின் சுவர்களில் இவ்வாற்று மணல் கலந்திருக்கிறது. அளவுக்கு மிஞ்சி அள்ளியதால் கரைகள் சரிந்ததையும் படகுக்காரர் காட்டத் தவறவில்லை.

இடப்புறத்தில் பார்சிக் குன்று நெருங்கி வந்தது. அதன் அடியில் ஒரு மின்சார வண்டி விரைந்தது. சிறுமி கையசைத்தாள். 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தானா வரையில் இந்தியாவின் முதல் பயணிகள் புகைவண்டி ஓடியதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். அடுத்த ஆண்டே, 1854 மே மாதத்தில், பாதை கழியைக் கடந்து கல்யாணை எட்டியது. அதுவரையில் உள்நாட்டுச் சரக்குகளைச் சுமந்தவை இக்கழியின் படகுகளே. ஓதத்துக்காகக் காத்திருக்க வேண்டாத வண்டி வந்தபின் வணிகர் மெல்ல மெல்லப் படகைக் கைவிட்டனர். பின்னர் வந்த சாலைகளும் பாலங்களும் எஞ்சியதையும் கொண்டுபோயின. நம்மை இந்நகருக்குக் கொண்டுவந்த அதே புகைவண்டிதான் இவ்வாற்றின் தொழிலைப் பறித்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கல்வாவை நெருங்குமிடத்தில் நீர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கை தெற்கே திரும்பித் தானாக் கழியாகி, ஐரோலி, வாஷி, டிராம்பே வழியாகப் பம்பாய்த் துறைமுகத்தில் கலக்கிறது. ஆண்டுதோறும் செந்நாரைகள் வந்து கூடும் கழி அதுவே. 2022-ல் அதற்கு ராம்சார் ஈரநிலம் என்ற உலகத் தகுதியும் கிடைத்தது. செம்பூரிலிருந்து வாஷிப் பாலத்தைக் கடக்கும் அன்பர்கள் அன்றாடம் காண்பது இந்தக் கையைத்தான். மற்றொரு கை, ஆற்றின் பெருங்கை, வடமேற்கே வளைந்து வசாயை நோக்கிச் செல்கிறது. இவ்விரு கைகளும் சேர்ந்து சால்செட் தீவை அணைத்துக்கொண்டிருக்கின்றன. மும்பையிலிருந்து பெருநிலத்துக்கு எந்தப் புகைவண்டியில் சென்றாலும், கல்வாவிலோ வாஷியிலோ வசாயிலோ, இந்த அணைப்பைக் கடந்தே ஆகவேண்டும். ஆறில்லாத ஊர் என்று நாம் எண்ணிய ஊர், உண்மையில் ஆற்றின் மடியிலன்றோ இருக்கிறது!

மீனவர் கூறியது

காஷேலிப் பாலத்தைக் கடந்து கோல்ஷேத் அருகே நிழல் கண்ட இடத்தில் படகை நிறுத்திப் பகலுணவு உண்டோம். படகுக்காரரும் எங்கள் புளியோதரையைச் சுவைத்து மகிழ்ந்தார். பெரியவரை அவர் 'ஆஜோபா' என்று அழைத்தார். நம் மொழியில் தாத்தா என்று பொருள். தம் பாட்டனார் இங்கே வலை வீசினால் மடவையும் இறாலும் நண்டும் வீட்டுக்கும் சந்தைக்கும் போதும் என்றிருந்ததாம். இப்பொழுது வலையில் மீனைவிடப் பிளாஸ்டிக் பைகளே மிகுதி என்றார். அதற்குச் சான்று தேடவேண்டியதில்லை. காலையிலிருந்து மூன்று முறை எங்கள் படகின் விசிறியில் பை சுற்றி எந்திரம் நின்றது.

ஆற்றின் நோய்க்குக் காரணங்கள் பல. அம்பர்நாத்திலிருந்து உல்ஹாஸ்நகர் வழியாக வந்து கலக்கும் வால்துனி என்னும் சிற்றாறு, ஆலைக் கழிவையும் ஊர்க் கழிவையும் பல்லாண்டுகளாகச் சுமந்து வருகிறது. அந்த வால்துனியின் கரையில்தான் 1060-ல் சிலாஹார மன்னர் காலத்தில் எழுந்த அம்பர்நாத் சிவன் கோயில் இருக்கிறது. சிற்ப அழகில் ஈடற்ற அக்கோயிலுக்கு நம்மவர் பலர் சென்று வழிபடுகின்றனர். இறைவனைத் தொழுதவர்கள் அருகில் ஓடும் நீரைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்புகிறார்கள். உல்ஹாஸ்நகருக்கும் நமக்கும் மற்றோர் உறவும் உண்டு. பிரிவினையில் வீடிழந்து வந்த சிந்தி மக்களுக்காகக் கல்யாண் முகாமில் எழுந்த அந்நகருக்கு 1949 ஆகஸ்ட் 8 அன்று அடிக்கல் நாட்டியவர், அப்போது கவர்னர் ஜெனரலாயிருந்த நம் இராஜாஜி. ஊர்விட்டு வந்தோர் குடியேறிய அந்நகருக்கு இவ்வாற்றின் பெயரே சூட்டப்பட்டது.

ஆற்றை இகழ்ந்தோர் அதன் சினத்தையும் கண்டிருக்கின்றனர். 2019 ஜூலை 27 அன்று வாங்கணி அருகே வெள்ளம் பாதையைச் சூழ, மகாலக்ஷ்மி விரைவுவண்டி நடுவழியில் நின்றது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளைக் கடற்படையினரும் பேரிடர் மீட்புப் படையினரும் படகுகளில் மீட்டுக் கரைசேர்த்தனர். படகை மறந்த பள்ளத்தாக்குக்கு அன்று படகே துணையாயிற்று.

இனி இவ்வழியில் மீண்டும் படகுகள் ஓடக்கூடும். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டின் 111 நீர்வழிகளைத் தேசிய நீர்வழிகளாக அறிவித்தது. அவற்றுள் 53-ஆவது, கல்யாண், தானா, மும்பை, வசாய்க் கழி, உல்ஹாஸ் ஆறு ஆகியவற்றை இணைக்கும் 145 கிலோமீட்டர் வழி. டோம்பிவிலி, காலேர், கோல்ஷேத், மீரா பாயந்தர் ஆகிய இடங்களில் படகுத்துறைகள் அமைக்கும் திட்டமும் வகுக்கப்பட்டது. காலை வண்டியில் கம்பியைப் பற்றித் தொங்கும் நம் இளைஞர்களுக்கு இது நற்செய்தியாகும். ஆயின் இதைப் பற்றிக் கேட்டபோது மீனவர் கூறிய விடை என் நெஞ்சில் தங்கிவிட்டது. "படகு வரட்டும், வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் முதலில் தண்ணீரைக் கொண்டுவாருங்கள். எங்கள் வலைக்கும் ஓர் இடம் விடுங்கள்" என்றார் அவர். குடிபெயர்ந்து வந்து, நகரம் வளருந்தோறும் இடம் பெயர நேருமோ என்று அஞ்சி வாழும் நமக்கு அச்சொல்லின் பொருள் விளங்காதா?

மற்றொரு தாராவி

காய்முகத்தைக் கடந்ததும் கழி அகன்றது. இரு மருங்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சேர்ந்த காடுகள். வடகரையில் நாக்லாக் காடு, தென்கரையில் குன்றுகள். இவ்வளவு பெரிய நகரத்தின் விளிம்பில் இத்தகைய அமைதியா என்று வியந்தோம். அடுத்து வந்தது கோட்பந்தர். குதிரைத் துறை என்று பொருள். அரபு நாட்டுக் குதிரைகள் இறங்கிய இடம் என்பர். குதிரை என்றதும் பெரியவரிடம் ஒரு செய்தி கூறினேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, தானாவைப் பற்றியும் எழுதியுள்ளார். தாமிரபரணி கடலில் சேருமிடத்திலிருந்த காயல் துறைமுகத்தைப் பற்றியும், அங்குக் கப்பலில் வந்திறங்கிய குதிரைகளைப் பற்றியும் எழுதியுள்ளார். "அப்படியானால் என் ஆறும் இந்த ஆறும் பழைய சிநேகிதம் என்று சொல்லுங்கள்" என்றார் பெரியவர். அன்று முழுவதும் அவர் முகத்தில் நான் கண்ட முதற் சிரிப்பு அது.

இதன்பின் பாயந்தர் உப்பளங்கள், கழிநடுவே பாஞ்சுத் தீவு, அதன்மேல் இரைந்து செல்லும் மேற்கு ரயில்வேப் பாலங்கள். 2024 பிப்ரவரியில் வசாய்க்கும் பாயந்தருக்கும் இடையே வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் படகுப் போக்குவரத்துத் தொடங்கியது. சாலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டிய தொலைவைப் படகு கால்மணி நேர அளவில் கடந்துவிடுகிறது. நீர்வழியின் நன்மைக்கு இஃதொன்றே சான்று.

கழிமுகத்தில் வலப்புறம் வசாய்க் கோட்டை. 1534-ல் குஜராத் சுல்தானிடமிருந்து போர்த்துகீசியர் வசமாகி, இருநூறு ஆண்டுகள் அவர்தம் வடபகுதித் தலைநகராயிருந்து, 1739 மே மாதத்தில் சிம்மாஜி அப்பாவின் படைக்குப் பணிந்த கோட்டை. கூரையற்ற தேவாலயங்களும் ஆலமர வேர் பற்றிய மதில்களும் மாலை வெயிலில் நின்றன. அதற்கு எதிரே இடப்புறக் குன்றைக் காட்டி, "அதோ தாராவிக் கோட்டை" என்றார் படகுக்காரர்.

"இங்கேயும் ஒரு தாராவியா, தாத்தா?" என்று சிறுமி துள்ளினாள்.

ஆம், அப்பெயரில் ஒரு கோட்டை அங்கே உண்டு. வசாய் முற்றுகையின்போது மராத்தியர் அதனையும் 1739-ல் கைப்பற்றினர். நம் தாராவியிலும் ஒரு கோட்டை உண்டென்பதை அச்சிறுமி அறிவாள். 1737-ல் கவர்னர் ஜான் ஹார்ன் கட்டுவித்த 'காலா கில்லா' அது. மித்திக் கரையைக் காத்த கோட்டை. ஆற்றைக் காக்க அன்று கோட்டை கட்டினார்கள். இன்று ஆற்றுக்குக் காவல் யார்?

அன்பர்களுக்கு ஒரு சொல்

நீண்ட படகுப் பயணம் எல்லார்க்கும் இயலாது. மழைக்காலத்தில் அது கூடவும் கூடாது. தனிப் படகில் செல்வோர் ஓதநேரம் அறிந்த மீனவருடன், மிதவைச் சட்டை அணிந்தே செல்ல வேண்டும். ஆயினும் ஒரு விடுமுறை நாளில் வசாய்ப் படகில் குழந்தைகளை அழைத்துச் சென்று வருதல் எளிது. அதுவும் இயலாதோர் அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, கல்யாணுக்கும் கர்ஜத்துக்கும் இடையே குழந்தையைச் சன்னலோரம் அமர்த்தி, "இதுதான் உல்ஹாஸ், நாம் குடிக்கும் நீரின் தாய்வீடு" என்று காட்டட்டும். பூசைப் பூக்களையும் மாலைகளையும் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பாலத்திலிருந்து எறியும் வழக்கத்தை நம் இல்லங்களிலிருந்து இன்றே விலக்குவோம். கல்யாண், டோம்பிவிலி, அம்பர்நாத், வசாய்ப் பகுதிகளில் வாழும் அன்பர்கள், ஆற்றைத் தூய்மை செய்யக் கூடும் மராத்தி அண்டை வீட்டாருடன் தாமும் தோள்கொடுக்க வேண்டும். பிறந்த ஊரின் ஆற்றை நினைந்து உருகுவது பண்பு. வளர்க்கும் ஊரின் ஆற்றைப் பேணுவது கடமை.

சென்ற மாதம் பெரியவர் மீண்டும் அந்த நோட்டுப் புத்தகத்துடன் வந்தார். ஆசிரியை கேளாமலே சிறுமி தன் கட்டுரையைத் திருத்தி எழுதியிருந்தாள். இம்முறை நான்கு பக்கம். மித்தியைப் பற்றிய வரியை அவள் நீக்கவில்லை. "சாக்கடை" என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, "அழுக்காகிவிட்ட ஆறு" என்று எழுதியிருந்தாள்.